மூளையும் மொழியும்: இயக்கம், உணர்ச்சி, பேச்சு ஆகியவற்றின் இடங்கள்

முன்னுரை

எழுத்துகளின் பிறப்பை ஆராய்ந்த நம் இலக்கண ஆசிரியர்கள் ஒலியின் தோற்றத்தை உடம்பினுள் தேடினர். உந்தியிலிருந்து எழும் வளி தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகளின் தொழிலால் வேறு வேறு எழுத்தொலிகளாகப் பிறக்கும் என்பது தொல்காப்பியப் பிறப்பியலின் கருத்து. கருவி எதுவுமின்றி, தம் வாயையும் செவியையுமே துணையாகக் கொண்டு அவர்கள் கண்ட இவ்வுண்மை போற்றத்தக்கது. ஆயினும் இதன்பின் ஒரு வினா எழுகின்றது. நாவின் நுனியை அண்ணத்தில் வருடச் செய்வது யாது? பொருளுக்கு ஏற்ற சொல்லைத் தேர்ந்து, அதற்குரிய உருபை ஏற்று, நா அசையுமுன் அதனை ஒருங்கமைத்துத் தருவது யாது? மூளை என்பதே இன்றைய அறிவியல் தரும் விடை.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நன்று. தொல்காப்பியர் கூறிய எட்டு இடங்களுள் தலையும் ஒன்று. எனினும் அது வளி தங்கும் இடமாகக் கூறப்பட்டதேயன்றி மூளையைக் குறித்ததன்று. ஒரு நூலில் இல்லாத பொருளை அதன்மேல் ஏற்றிக் கூறுதல் அந்நூலுக்குப் பெருமை சேர்ப்பதாகாது. மூளையின் தொழில்களைப் பற்றிய அறிவு, பெரும்பாலும் சென்ற இரு நூற்றாண்டுகளில் மருத்துவமனைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் வளர்ந்ததாகும். அவ்வறிவின் சுருக்கத்தை முதலில் கூறி, அது தமிழ் இலக்கணம் பயில்வார்க்கு எவ்வகையில் உரியதாகின்றது என்பதைப் பின்னர்க் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாம்.

மூளையின் அமைப்பு

வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் எடையுள்ளது. அதில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்று 2009ஆம் ஆண்டில் வெளிவந்த கணக்கீடு ஒன்று காட்டியது. மூளையைப் பெருமூளை, சிறுமூளை, மூளைத்தண்டு என மூவகையாகப் பகுத்துக் காணலாம். பெருமூளை வலம், இடம் என இரண்டு அரைக்கோளங்களால் ஆயது. அதன் மேற்பரப்பில் போர்வைபோல் அமைந்த சாம்பல் நிறப் படலத்தைப் புறணி என்பர். இப்புறணி மேடும் பள்ளமுமாக மடிந்து கிடத்தலின், அதன் பரப்பில் மூன்றில் இரு பங்கு மடிப்புகளுக்குள்ளே மறைந்துள்ளது.

ஒவ்வோர் அரைக்கோளத்திலும் முன்புறம் நெற்றிமடலும், உச்சியில் உச்சிமடலும், பக்கவாட்டில் பொட்டுமடலும், பின்புறம் பிடரிமடலும் அமைந்துள்ளன. நெற்றிமடலையும் உச்சிமடலையும் பிரிக்கும் பள்ளம் நடுப்பள்ளம் எனப்படும். இந்நடுப்பள்ளத்தை மனத்திற்கொண்டால், பின்வருவனவற்றை எளிதில் உணரலாம். அதன் முன்கரை இயக்கத்திற்கு உரியது. பின்கரை ஊற்றுணர்ச்சிக்கு உரியது.

இயக்கம்

பெருமூளைப் புறணியில் தனித்தனித் தொழில்களுக்குத் தனித்தனி இடங்கள் உண்டு என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிஞர் பலர் ஏற்கவில்லை. 1870ஆம் ஆண்டில் பெர்லினில் பிரிட்ச், ஹிட்சிக் என்னும் இருவர், நாயின் மூளைப் புறணியில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்தினர். முன்பகுதியில் சில இடங்களைத் தொட்டபோது எதிர்ப்பக்கத்துக் கால் அசைந்தது. வேறிடத்தைத் தொட்டபோது முகம் அசைந்தது. புறணியில் இயக்கத்திற்கென ஒரு பகுதி உண்டு என்பது இதனால் உறுதியாயிற்று.

மனித மூளையில் இதனை விரிவாகக் காட்டியவர் கனடா நாட்டு மான்ட்ரியல் நகரத்து அறுவை மருத்துவர் பென்பீல்டு. வலிப்பு நோய்க்கு அறுவை செய்யும்போது, நோயாளி விழித்திருக்கவே அவர் மூளையின் மேற்பரப்பை மின்முனையால் தொட்டுப் பார்த்தார். மூளைக்குத் தன்னளவில் வலியுணர்ச்சி இல்லை. தலைத்தோலை மரக்கச் செய்தால் போதும். 1937இல் போல்டிரே என்பாருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஆராய்ச்சி, நடுப்பள்ளத்தின் முன்கரையில் உடம்பு தலைகீழாக அமைந்திருப்பதைக் காட்டிற்று. கால் விரல்கள் உச்சியிலும், அதன் கீழே உடலும் கையும், அதனினும் கீழே முகமும் இதழும் நாவும் இடம்பெறுகின்றன. ஆனால் அளவு உறுப்பின் பருமையைப் பொறுத்ததன்று. தொழிலின் நுண்மையைப் பொறுத்தது. முதுகுக்குக் கிடைத்த இடம் சிறிது. கைவிரல்களுக்கும் இதழுக்கும் நாவிற்கும் கிடைத்த இடம் மிகப் பெரிது. எழுதும் கையும் பேசும் வாயும் மூளையில் இத்துணைப் பெரிய இடத்தைப் பெற்றிருத்தல் மொழி ஆராய்வார் கருதத்தக்கது.

இவ்வாறு மின்முனையால் கை அசைக்கப்பட்ட நோயாளிகள், அதனைத் தாம் அசைக்கவில்லை என்றும் மருத்துவரே அசைத்தார் என்றும் கூறினர் எனப் பென்பீல்டு எழுதியுள்ளார். எனவே இவ்விடம் இயக்கத்தின் வாயிலேயன்றி, இயக்க வேண்டும் என்னும் விருப்பத்தின் இருப்பிடம் அன்று. 2023ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுச் செயின்ட் லூயிஸ் நகரத்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆராய்ச்சி, பென்பீல்டின் படத்தையும் ஓரளவு திருத்தியது. கால், கை, வாய் ஆகியவற்றிற்குரிய இடங்களுக்கு இடையிடையே, எந்த ஒரு தனியுறுப்பையும் சாராது உடம்பு முழுவதையும் செயலுக்கு ஆயத்தம் செய்யும் பகுதிகளும் உள்ளன என்பது அவர்கள் முடிபு.

இயக்கப் பகுதியிலிருந்து இறங்கும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை முகுளத்தின் அடியில் வலமிடமாக மாறிச் செல்கின்றன. ஆதலின் இட மூளை வல உடம்பையும், வல மூளை இட உடம்பையும் இயக்குகின்றன. இயக்கத்தின் செம்மைக்குச் சிறுமூளையும் வேண்டும். சிறுமூளை பழுதுற்றவர்க்குக் கை செயலற்றுப் போவதில்லை, குறிதவறித் தடுமாறும். அவர் பேச்சோ அசை அசையாகப் பிரிந்து ஒலிக்கும். பெருமூளையின் ஆழத்தில் உள்ள அடிமுடிச்சுகள் கெட்டால் வேறொரு வகைக் குறை தோன்றும். 1817இல் இலண்டன் மருத்துவர் பார்க்கின்சன் விளக்கிய நடுக்க நோய் இவ்வகையினது. அந்நோயில் நடை சுருங்குவதுபோலவே குரலும் தாழ்ந்து, ஏற்ற இறக்கமின்றி ஒலிக்கும். இவ்விருவகையிலும் கெடுவது ஒலிப்பே, மொழி கெடுவதில்லை. இலக்கணம் பிழையாது, சொற்பொருள் மாறாது. இவ்வேறுபாடு பின்னர் நமக்குப் பயன்படும்.

உணர்ச்சி

மெய், வாய், மூக்கு, கண், செவி என்னும் ஐம்பொறிகளின் வழியே வரும் உணர்ச்சிகள் மூளையில் ஓரிடத்தில் கூடுவதில்லை. மெய்யுணர்ச்சி நடுப்பள்ளத்தின் பின்கரையைச் சென்றடைகின்றது; அங்கும் உடம்பு தலைகீழாகவே அமைந்து, இதழும் விரல் நுனியும் பேரிடம் பெறுகின்றன. சுவையுணர்ச்சி பக்கப் பிளவின் உள்ளே மறைந்துள்ள உள்மடலையும் அதனை அடுத்த இடத்தையும் சேர்கின்றது. நாற்றம் மூளையின் அடிப்பகுதியைச் சேர்கின்றது. செவியுணர்ச்சி பொட்டுமடலின் மேல்விளிம்பையும், கட்புலன் பிடரிமடலையும் அடைகின்றன. 1904, 1905ஆம் ஆண்டுகளில் நடந்த உருசிய–சப்பானியப் போரில் தலையில் குண்டு துளைத்த வீரர்களை ஆராய்ந்த இனோயே என்னும் சப்பானிய மருத்துவர், பிடரிமடலின் எப்புள்ளி கெட்டால் காட்சியின் எப்பகுதி மறையும் என்பதை 1909இல் வரைந்து காட்டினார். அவ்வீரர்களின் கண்கள் பழுதின்றி இருந்தன. எனினும் காட்சியின் ஒரு பகுதி அவர்களுக்கு இல்லையாயிற்று.

இயக்கத்திற்கும் உணர்ச்சிக்கும் இவ்வாறு ஓரளவு திட்டமான இடங்கள் உண்டு. மொழிக்கும் அவ்வாறே ஓர் இடம் உண்டா என்பதே அடுத்து எழும் வினாவாம்.

பேச்சிழப்பு

1861ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துப் பிசேத்ர் மருத்துவமனையில் ஒருவர் இறந்தார். அவர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேச்சிழந்து அங்கு வாழ்ந்தவர். எதைக் கேட்டாலும் ‘டான்’ என்னும் ஓரசையையே திரும்பத் திரும்பக் கூறுவார். அதுவே அவருக்குப் பெயராகவும் வழங்கிற்று. பிறர் கூறுவதை அவர் பெரும்பாலும் உணர்ந்துகொண்டார். குரலின் ஏற்ற இறக்கத்தாலும் இடக்கையின் சைகையாலும் விடை கூறினார். அவர் இறந்தபின் மூளையை ஆராய்ந்த மருத்துவர் பிரோக்கா, இட நெற்றிமடலின் கீழ்ப்பகுதி அழிந்திருக்கக் கண்டார். இத்தகைய நோயாளிகள் பலரை ஆராய்ந்தபின், நாம் இட மூளையால் பேசுகின்றோம் என்று 1865இல் அவர் முடிவு கூறினார். அம்முடிவு பெரும்பாலும் நிலைபெற்றுள்ளது. வலக்கைப் பழக்கமுடையோருள் நூற்றுக்குத் தொண்ணூற்றைவர் அளவினர்க்கும், இடக்கைப் பழக்கமுடையோருள் எழுபதின்மர் அளவினர்க்கும் மொழி இட மூளையையே முதன்மையாகச் சார்ந்துள்ளது.

1874இல் வெர்னிக்கே என்னும் செருமானிய இளைஞர் வேறுவகை நோயாளிகளை விளக்கினார். அவர்கள் தங்குதடையின்றிப் பேசினர். ஆனால் சொற்கள் இடம்மாறியும் உருமாறியும் வந்தன. பிறர் பேச்சையும் அவர்கள் உணரவில்லை. இட பொட்டுமடலின் மேற்பகுதியில் ஏற்பட்ட பழுதே இதற்குக் காரணம் என்று அவர் கண்டார். முன்னதைப் பிரோக்காப் பேச்சிழப்பு என்றும், பின்னதை வெர்னிக்கேப் பேச்சிழப்பு என்றும் வழங்குவர்.

பிரோக்காப் பேச்சிழப்புற்றவர்க்குப் பெரும்பாலும் வலக்கை செயலற்றுப் போதலையும் காண்கின்றோம். காரணம் வெளிப்படை. இயக்கப் பகுதியும் பிரோக்காப் பகுதியும் அடுத்தடுத்து உள்ளன. ஒரே குருதிக்குழாய் இரண்டையும் ஊட்டுகின்றது. அக்குழாய் அடைபட்டால் பேச்சும் எழுதும் கையும் ஒருங்கே கெடுகின்றன. இத்தகையோரை அறிவிழந்தவர் என்று உறவினர் எண்ணிவிடுதல் உண்டு. அது பெரும் பிழை. அவர் இழந்தது மொழியை ஆளும் ஆற்றலேயன்றி அறிவை அன்று.

இடமும் தொழிலும்

ஓரிடம் கெட்டால் பேச்சு கெடுகின்றது. ஆகவே பேச்சு அவ்விடத்தில் உள்ளது என்று கூறலாமா? கூடாது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எச்சரித்தவர் ஆங்கில மருத்துவர் ஜாக்சன். பேச்சைக் கெடுக்கும் பழுதின் இடத்தைக் காணுதல் வேறு, பேச்சின் இடத்தைக் காணுதல் வேறு என்பது அவர் கருத்து. ஏற்றத்தின் கயிறு அறுந்தால் வயலுக்கு நீர் பாயாது. அதனால் நீர் கயிற்றில் இருந்தது என்று எவரும் கூறார்.

பின்வந்த ஆராய்ச்சிகள் அவ்வெச்சரிக்கையை வலியுறுத்துகின்றன. பாரிசில் காக்கப்பட்டிருந்த ‘டான்’ என்பாரின் மூளையைக் காந்த அதிர்வுப் படக் கருவியால் ஆராய்ந்து 2007இல் முடிபு வெளியிட்டனர். பழுது பிரோக்கா கண்ட மேற்பரப்போடு நில்லாது, உள்மடலையும் முன்பின் பகுதிகளை இணைக்கும் நீண்ட நரம்பிழைக் கற்றையையும் அழித்திருந்தமை அதனால் புலனாயிற்று. மொழி ஓர் ஊரில் குடியிருப்பதன்று. பல ஊர்களையும் அவற்றை இணைக்கும் பெருவழிகளையும் பொறுத்தது. ஒலியிலிருந்து பொருளுக்குச் செல்லும் வழி ஒன்றும், ஒலியிலிருந்து ஒலிப்பு முயற்சிக்குச் செல்லும் வழி ஒன்றுமாக இருவழிகள் உண்டென இன்று பலர் கொள்கின்றனர். குரலின் உணர்ச்சியையும் நகைச்சுவையையும் உணர்தற்கு வல மூளையும் வேண்டப்படுகின்றது.

மூன்று சான்றுகள் ஈண்டுக் குறிக்கத்தக்கன. முதலாவது, 1892இல் தெசெரின் என்னும் பிரெஞ்சு மருத்துவர் விளக்கிய நோயாளி. அவர் பேசினார், எழுதினார். ஆனால் தாம் எழுதியதைத் தாமே படிக்க இயலாதவராயினார். எனவே எழுதுதலும் படித்தலும் மூளையில் வேறு வேறு வழியின. இரண்டாவது, பென்பீல்டின் நோயாளி ஒருவர். மின்முனை பொட்டுமடலின் ஓரிடத்தைத் தொட்டிருந்தபோது வண்ணத்துப்பூச்சியின் படத்தைக் கண்டும் அவரால் பெயர் கூற இயலவில்லை. மின்முனையை எடுத்தபின், அச்சொல் வாராமையால் அதற்கு இனமான அந்துப்பூச்சியைக் குறிக்கும் சொல்லைத் தேடியதாகவும், அதுவும் வரவில்லை என்றும் அவர் கூறினார். பொருளை அறிதல் வேறு, சொல்லைப் பெறுதல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா. மூன்றாவது, காது கேளாதார் கைகளால் பேசும் சைகைமொழி. இட மூளை பழுதுற்றபோது அவர்களுக்கும் சைகைமொழியில் பேச்சிழப்பு உண்டாகின்றது என்பதைச் சால்க் ஆய்வு நிலையத்தைச் சார்ந்த அறிஞர்கள் 1987இல் வெளியிட்ட நூலில் விளக்கினர். ஆகவே இட மூளை காப்பது ஒலியை மட்டும் அன்று. மொழியின் அமைப்பையே ஆகும்.

இலக்கணமும் பேச்சிழப்பும்

மொழியின் அமைப்பே கெடுகின்றதெனின், அக்கேட்டை ஆராயும் பொறுப்பு மருத்துவரோடு முடிவதன்று. இதனை உணர்ந்தவர் மொழியறிஞர் யாக்கப்சன். 1956இல் வெளிவந்த அவர் கட்டுரை, பேச்சு என்பது தேர்தல், தொடுத்தல் என்னும் இருசெயல்களால் ஆவது என்றும், பேச்சிழப்பு இவ்விரண்டுள் ஒன்றைத் தாக்கும் என்றும் கூறிற்று. தேரும் ஆற்றல் கெட்டவர்க்குத் தொடர் உண்டு, உரிய சொல் இல்லை. தொடுக்கும் ஆற்றல் கெட்டவர்க்குப் பெயரும் வினையும் உண்டு. அவற்றைப் பிணைப்பன இல்லை. இடைச்சொற்கள் பெயரையும் வினையையும் சார்ந்தே வரும், தாமாகத் தனித்து இயங்கா என்பது தொல்காப்பியர் கொள்கை. பிரோக்காப் பேச்சிழப்பில் பெரிதும் கெடுவன இவ்வகைச் சொற்களே. இலக்கண ஆசிரியர் மொழியை நோக்கிக் கண்ட பகுப்பும் மருத்துவர் நோயை நோக்கிக் கண்ட பகுப்பும் இவ்விடத்தில் ஒன்றையொன்று அணுகுகின்றன.

ஆனால் இக்கேடு எல்லா மொழியிலும் ஒரே வடிவில் தோன்றுவதில்லை. ஆங்கிலத்தில் விகுதியை நீக்கினாலும் வினையடி ஒரு சொல்லாக நிற்கும். ஆதலின் நோயாளி விகுதியை விட்டுவிடுகின்றார். எபிரேயம், இத்தாலியம் முதலிய மொழிகளில் விகுதி நீங்கிய அடி சொல்லாகாது. ஆதலின் அங்கு நோயாளி ஒரு விகுதிக்கு மாறாக மற்றொன்றை இடுகின்றார். 1990இல் மென், ஆப்லர் என்போர் பதிப்பித்த பெருநூல், பதினான்கு மொழிகளில் இந்நோயாளிகளின் பேச்சைத் தொகுத்து ஒப்பிட்டது. இந்தி அதில் இடம்பெற்றது. திராவிட மொழி எதுவும் இடம்பெறவில்லை.

தமிழின் நிலை மேற்கூறிய இரண்டிற்கும் இடைப்பட்டது. ‘வந்தான்’ என்னும் வினைமுற்றை எடுத்துக்கொள்வோம். அதன் விகுதியையும் இடைநிலையையும் நீக்கினால் எஞ்சும் பகுதி ‘வா’ என ஏவலாய்ப் பொருள் மாறி நிற்கும். தமிழ் நோயாளி ‘வா’ என்பாரா? ‘வந்து’ என எச்சமாக நிறுத்துவாரா? ‘வந்தாள்’ எனப் பால் பிறழக் கூறுவாரா? ‘மரத்தை’ என்பதில் உருபு கெடின், ‘மரம்’ என்னும் எழுவாய் வடிவம் தோன்றுமா, அத்துச் சாரியை ஏற்ற வடிவம் எஞ்சுமா, அன்றி ‘மரத்தில்’ என வேறுருபு புகுமா? சாரியை உருபோடு சேர்ந்து கெடுமாயின், பேசுவோன் மனத்தில் அது உருபின் பகுதியாக உள்ளதெனலாம். பெயரோடு சேர்ந்து எஞ்சுமாயின், பெயரின் திரிந்த வடிவமாக உள்ளதெனலாம். சாரியையின் இயல்பு பற்றி இலக்கண அறிஞரிடையே எழும் வினாவிற்கு இவ்வாறு ஒரு புதிய சான்று கிடைக்கக்கூடும்.

இதனினும் இன்றியமையாதது பிறிதொன்று உண்டு. ‘மரம் வெட்டினான்’ என்பதில் இரண்டாம் வேற்றுமை உருபு இல்லை. எனினும் அது பிழையன்று, தொகையாகும். ‘தம்பி அழைத்தான்’ என்பதில் அவ்வுருபு இல்லையேல் அழைக்கப்பட்டவன் அழைத்தவன் ஆகிவிடுவான். ‘நேற்று வந்தேன்’ என்பதில் எழுவாய் தோன்றாது நிற்றலும் தமிழின் இயல்பே. ஆங்கிலத்திற்கென வகுத்த தேர்வினை மொழிபெயர்த்துத் தமிழ் நோயாளியிடம் வைத்து, விடுபட்டனவற்றையெல்லாம் பிழையென எண்ணினால், நோயில்லாதவனும் நோயுற்றவனாகத் தோன்றுவான். நோயுற்றவனின் குறையும் உள்ளபடி புலப்படாது. நாடோறும் பேச்சுவழக்கில் பேசியவனைச் செந்தமிழ்த் தொடர்களால் தேர்வு செய்தலும் இத்தகைய தவறேயாகும். எழுத்து வகையிலும் கருத்து வேண்டும். சப்பானிய மொழியில் அசையெழுத்தும் சொல்லெழுத்தும் வேறு வேறு அளவில் கெடுவதைக் கண்டுள்ளனர். நம் எழுத்தில் எகரக் குறியும் ஏகாரக் குறியும் மெய்க்கு முன்னே எழுதப்பெற்றுப் பின்னே ஒலிக்கின்றன. அவற்றைப் படித்தலில் தோன்றும் குறைகளும் தனியே ஆராயத்தக்கன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், இயக்கத்திற்கும் ஐம்பொறி உணர்ச்சிகளுக்கும் மூளையில் ஓரளவு திட்டமான இடங்கள் உண்டு என்பதும், மொழி அவ்வாறு ஓரிடத்தில் அடங்காது பல பகுதிகளின் கூட்டுத்தொழிலாக நிகழ்கின்றது என்பதும், அது கெடும் முறை அந்தந்த மொழியின் இலக்கணத்தைப் பொறுத்தது என்பதும் பெறப்படும்.

பக்கவாதத்தால் பேச்சிழந்த ஒருவர் மருத்துவமனைப் படுக்கையில் இருந்து ‘மரம்... வெட்டு...’ என்று இரு சொற்களைக் கூறுங்கால், அவர் இழந்தது எது, காத்து வைத்திருப்பது எது என்பதை அறுதியிட்டுக் கூற மருத்துவ அறிவு மட்டும் போதாது. வேற்றுமையும் சாரியையும் எச்சமும் தொகையும் அறிந்த ஒருவர் அவர் அருகில் இருத்தல் வேண்டும். தமிழ்த்துறையில் முதுகலை பயிலும் மாணவர்கள் கல்வெட்டையும் ஓலைச்சுவடியையும் ஆராய்வதுபோலவே, சிதைந்த இவ்வுயிருள்ள மூலத்தையும் ஆராய முன்வருதல் வேண்டும். சுவடியில் சிதைந்த எழுத்தை ஊகித்து நிரப்பினால் ஒரு நூல் பிழைக்கும்; ஈண்டு விடுபட்ட உருபை உணர்ந்தால் ஒரு மனிதர் மீண்டும் தம் சுற்றத்தாரோடு பேசுதற்கு வழி பிறக்கும்.